ஆண்டுக்கு மூன்று பேர் என்ற கணக்கு: குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் யாருக்கு இடம்?

2013-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தின் நவீன காலப் பிரிவுக்கு மூன்று பேர் தேர்வானார்கள். அமெரிக்காவின் வர்ஜில் ஹில், தென் கொரியாவின் மியுங்-வூ யூ, இத்தாலியில் பிறந்து மான்ட்ரியாலில் வளர்ந்து நியூ ஜெர்சியில் பேர் வாங்கிய ஆர்துரோ கேட்டி. யார் இந்த மண்டபத்துக்குத் தகுதியானவர் என்ற சண்டை அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் ஓயவில்லை. ஆனாலும் அந்த விவாதம் முழுவதையும் புரிந்துகொள்ள அந்த ஓர் ஆண்டின் பட்டியல் போதும்.

யூ மொத்தம் 39 முறை தொழில்முறைச் சண்டையில் இறங்கி 38-ல் ஜெயித்தவர். 49 கிலோ எடைப் பிரிவான லைட் ஃப்ளைவெயிட்டில் 1985-ல் உலகப் பட்டம் வென்று, அதை 17 முறை தக்கவைத்தவர். 1991-ல் ஒசாகாவில் ஹிரோகி இயோகாவிடம் நூலிழையில் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டே அதே இயோகாவிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்கினார். 1993-ல் ஓய்வு பெற்றார். மண்டபத்தின் கதவு அவருக்குத் திறக்க அதன்பின் 20 ஆண்டுகள் ஆயின.

கேட்டி 49 சண்டைகளில் 9-ல் தோற்றவர். ஆஸ்கர் டி லா ஹோயா அவரை ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். ஃபிளாய்ட் மேவெதரின் கையில் அடி வாங்கிய கேட்டி ஆறாவது ரவுண்டோடு எழுந்து வரவில்லை. 2007-ல் ஓய்வு பெற்றவர், 2009-ல் பிரேசிலில் இறந்துபோனார். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆன பிறகே தகுதி என்பது அன்றைய விதி. அப்படித் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே தேர்வாகிவிட்டார்.

இதை வெறும் அநியாயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

மண்டபம் இருக்கும் ஊர் கனஸ்டோட்டா. நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், வெங்காய விவசாயத்துக்குப் பேர்போன சிற்றூர். ஐயாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரிலிருந்து இரண்டு உலகச் சாம்பியன்கள் வந்தார்கள். ஒருவர் கார்மென் பசிலியோ, வெங்காய விவசாயியின் மகன். 1957-ல் யாங்கீ ஸ்டேடியத்தில் சுகர் ரே ராபின்சனை வென்று மிடில்வெயிட் பட்டத்தைத் தூக்கியவர். இன்னொருவர் அவருடைய உறவுப் பையன் பில்லி பேக்கஸ். 1970-ல் ஹோசே நாபொலெஸை வீழ்த்தி வெல்டர்வெயிட் பட்டம் வென்றவர். ஊர்க்காரர்கள் இந்த இருவரையும் கௌரவிக்க நினைத்ததில் தொடங்கிய வேலைதான் 1989-ல் அருங்காட்சியகமாக நின்றது. அதற்கு முன்பு 'தி ரிங்' பத்திரிகை 1954 முதல் தனக்கென்று ஒரு புகழ் மண்டபப் பட்டியல் வைத்திருந்தது. 1987-ல் அது நின்றுபோக, கனஸ்டோட்டாவே குத்துச்சண்டை உலகத்தின் மையப் பட்டியலாகிவிட்டது. 1990-ல் முதல் அணி உள்ளே போனது. ஜோ லூயிஸ், ராபின்சன், மார்சியானோ, ஃப்ரேஷியர் ஆகியோரோடு, 1980-ல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போன முகமது அலியும் அதில் உண்டு.

வாக்களிப்பவர்கள் அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர் சங்க உறுப்பினர்களும், பல நாடுகளைச் சேர்ந்த குத்துச்சண்டை வரலாற்றாளர்களும். நவீன காலப் பிரிவில் அதிக வாக்கு வாங்கும் மூன்று பேர் தேர்வாவார்கள். இத்தனை சதவீதம் வாங்கியாக வேண்டும் என்ற வரம்பு கிடையாது. முதல் மூன்று இடத்தில் வந்தால் போதும்.

கோளாறு இந்த விதியில்தான் தொடங்குகிறது. அதே நியூயார்க் மாநிலத்தில், காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கிறது. அங்கே எழுத்தாளர்கள் வாக்கில் ஒரு வீரர் 75 சதவீதம் வாங்கியாக வேண்டும். கேட்டி தேர்வான அதே 2013-ல் அந்த வாக்கெடுப்பில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஊக்கமருந்துச் சந்தேகம் சூழ்ந்த பெரிய பெயர்கள் முதல்முறை வாக்குச்சீட்டுக்கு வந்த ஆண்டு அது. வாக்காளர்கள் கையை விரித்துவிட்டார்கள். கனஸ்டோட்டாவில் அப்படிக் கையை விரிக்க வழியே இல்லை. ஓய்வு பெற்றவர்களில் மேதைகள் வரிசைகட்டி நிற்கும் ஆண்டிலும் மூன்று பேர்தான், பஞ்சமான ஆண்டிலும் மூன்று பேர்தான். பெர்னார்டு ஹாப்கின்ஸ், ஹுவான் மானுவேல் மார்க்கேஸ், ஷேன் மோஸ்லி மூவரும் 2020 பட்டியலில் ஒன்றாக வந்தார்கள். 2025-ல் மேனி பாக்கியாவோவோடு வின்னி பாஸும் மைக்கேல் நன்னும் வந்தார்கள். பாஸ் 1991-ல் கார் விபத்தில் கழுத்தெலும்பு உடைந்து, தலையைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு கிடந்து, 13 மாதத்தில் திரும்பி வந்து சண்டை போட்டவர். அந்த மன உறுதிக்கு எழுந்து நின்று கைதட்டுவேன். பாக்கியாவோ எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர். இருவரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

சரி, கேட்டிக்கு ஏன் அத்தனை வாக்கு? இதற்கு 2002 மே 18-ஆம் தேதிக்குப் போக வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் மோஹிகன் சன் அரங்கு. எதிரே மிக்கி வார்டு. ஒன்பதாவது ரவுண்டு தொடங்கிச் சில நொடிகளில் வார்டின் இடது கை ஹூக் கேட்டியின் விலாவுக்குக் கீழே இறங்குகிறது. ஈரலைத் தாக்கும் குத்து. தலையில் விழும் குத்து நினைவை மங்கச் செய்யும். இந்தக் குத்து வாங்கியவனுக்கு நினைவு முழுதாக இருக்கும், மூச்சுதான் வராது. கேட்டி முழங்காலில் சரிகிறார். முகம் கோணிப்போயிருக்கிறது. நடுவர் ஒன்பது எண்ணும்போது எழுகிறார். வார்டு விடாமல் அடிக்கிறார். நடுவர் இதோ நிறுத்தப்போகிறார் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில் கேட்டி திருப்பி அடிக்க ஆரம்பிக்கிறார். இப்போது வார்டு பின்வாங்குகிறார். ரவுண்டு முடிவதற்குள் மறுபடியும் வார்டின் கை ஓங்குகிறது. மூன்று நிமிடத்துக்குள் இத்தனையும். அந்த ரவுண்டைப் பார்த்தவர்கள் கேட்டியின் பெயரை மறக்கப்போவதில்லை. அந்தச் சண்டையும் 2003-ல் நடந்த மூன்றாவது சண்டையும் 'தி ரிங்' பத்திரிகையின் ஆண்டின் சிறந்த சண்டைகள். அதற்கு முன்பே 1997-லும் 1998-லும் கேட்டி ஆடிய சண்டைகளுக்கு அதே விருது கிடைத்திருந்தது.

ஆனால் அந்த முதல் சண்டையில் ஜெயித்தது வார்டு. அடுத்த இரண்டிலும் கேட்டி ஜெயித்தார். கேட்டியை மண்டபத்துக்குள் கொண்டுபோனது இந்த முப்பது ரவுண்டுகள்தான் என்றால், அதில் பாதிப் பங்கு வார்டுக்கு உண்டு. கேட்டிக்குக் கிடைத்த நாற்காலி வார்டுக்குக் கிடைக்கவில்லை. ஒரு சண்டையின் புகழுக்காக ஒருவரை மட்டும் தூக்கி உட்கார வைப்பது எப்படி நியாயமாகும்? மறக்க முடியாத சண்டைகளுக்கு என்று மண்டபத்தில் தனிப் பிரிவு ஒன்று வைக்கட்டும். கேட்டி-வார்டு மூன்று சண்டைகளும் அதில் முதலில் போகட்டும். இருவர் பெயரும் ஒரே தகட்டில் இருக்கட்டும். இதுதான் அந்த இரவுகளுக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்று நான் நம்புகிறேன்.

யூ ஏன் 20 ஆண்டு காத்திருந்தார் என்பதற்கும் காரணம் மர்மமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி 49 கிலோ வீரர்களைக் காட்டியதே அபூர்வம். யூவின் சண்டைகள் பெரும்பாலும் கொரியாவிலேயே நடந்தன. வாக்குச்சீட்டு கையில் இருக்கும் பலர் அவர் ஆடியதை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஜப்பானின் யோகோ குஷிகென் அதே எடையில் பட்டத்தை 13 முறை தக்கவைத்து 1981-ல் ஓய்வு பெற்றவர். அவர் 2015-ல்தான் உள்ளே வந்தார். பட்டத்தைக் கையில் வைத்திருக்கும்போதே 1973 ஜனவரியில், 23 வயதில் கார் விபத்தில் இறந்துபோன மசாவோ ஓபாவும் அதே 2015-ல்தான். வாக்களிப்பவரின் கண்ணில் படாத திறமைக்கு ஓட்டு விழாது. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து குத்துச்சண்டையைப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

யூவிடமும் ஒரு குறை உண்டு. அவர் காலத்திலேயே, அதே நாட்டில், அதே எடையில் இன்னொரு சாம்பியன் இருந்தார். ஜுங்-கூ சாங், 15 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர், 2010-ல் மண்டபத்தில் சேர்ந்தவர். யூ ஓர் அமைப்பின் பெல்ட்டையும் சாங் இன்னோர் அமைப்பின் பெல்ட்டையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் மோதவே இல்லை. அந்தச் சண்டை நடந்திருந்தால் யார் பெரியவர் என்று ஒரே இரவில் தெரிந்திருக்கும்.

பெல்ட் கணக்கை வைத்து இடம் தரக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு காலத்தில் எட்டு எடைப் பிரிவுகள், பிரிவுக்கு ஒரு சாம்பியன். உலகம் முழுக்க எட்டுப் பேர். இப்போது 17 பிரிவுகள், நான்கு பெரிய அமைப்புகள். அப்படியே பெருக்கினாலே 68 நாற்காலி. அதற்கு மேல் 'சூப்பர்' சாம்பியன், 'இடைக்கால' சாம்பியன் என்று வேறு. உலகச் சாம்பியன் என்ற பட்டத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உயரத்தைச் சொல்ல முடியாது.

தோல்வியே காணாதவர் என்பதும் தனியாக நின்றால் பெரிய சான்று இல்லை. ஜெர்மனியின் ஸ்வென் ஆட்கே 34 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தை 21 முறை தக்கவைத்தார். ஏறக்குறைய எல்லாமே சொந்த நாட்டில், சொந்த ரசிகர்கள் முன்னால். அதே எடையில் அதே காலத்தில் வேல்ஸின் ஜோ கால்சாகே இருந்தார். அவரும் தோற்கவில்லை. இருவரும் மோதாமலே 2004-ல் ஆட்கே ஒதுங்கிவிட்டார். கால்சாகேவையும் அதுவரை 'வீட்டு வீரர்' என்றுதான் கேலி செய்தார்கள். அப்புறம் அவர் ஜெஃப் லேசியோடும் மிக்கெல் கெஸ்லரோடும் மோதி, கடைசியில் அமெரிக்காவுக்கே போய் ஹாப்கின்ஸையும் ராய் ஜோன்ஸையும் வென்றார். 46-0 என்று முடித்து 2014-ல் மண்டபத்தில் சேர்ந்தார். ஆட்கேவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. இந்த இடத்தில் வாக்காளர்கள் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்கள்.

ஆக, என் அளவுகோல் இது: யாரோடு மோதினார், அவர்கள் நல்ல நிலையில் இருந்தபோது மோதினாரா, யார் யார் அவரோடு மோத மறுத்தார்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அதைக் கேட்காவிட்டால் குத்துச்சண்டை வரலாற்றின் பாதி நம் கண்ணுக்குத் தெரியாது.

சாம் லாங்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஏழு அங்குலத்தை ஒட்டித்தான். லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை எல்லோரோடும் மோதினார். 1903-ல் அன்றைய லைட்வெயிட் சாம்பியன் ஜோ கான்ஸை வென்றார், ஆனால் அது பட்டத்துக்கான சண்டையாக நடக்கவில்லை. 1906-ல் ஜாக் ஜான்சனிடம் 15 ரவுண்டு ஆடித் தோற்றார். இரண்டு ஆண்டு கழித்து ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பட்டம் கையில் இருந்த ஏழு ஆண்டுகளில் லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை. வெள்ளைச் சாம்பியன்கள் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுங்கினார்கள். கறுப்பினச் சாம்பியனுக்கோ, இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்ற சாக்கு இருந்தது. அதனால் லாங்ஃபோர்டு, ஹாரி வில்ஸ், ஜோ ஜெனெட், சாம் மெக்வே போன்றவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள். வில்ஸும் லாங்ஃபோர்டும் மட்டும் 15 முறைக்கு மேல். பார்வை மங்கிக்கொண்டிருந்த கடைசிக் காலத்திலும் லாங்ஃபோர்டு குத்துச்சண்டை வளையத்தில் ஏறினார். 1944-ல் பத்திரிகையாளர் ஆல் லேனி தேடிப் போனபோது, ஹார்லெமில் ஓர் இருட்டு அறையில் பார்வையிழந்து, கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவருடைய புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் என்ன தெரியும்? உலகப் பட்டம் இல்லை. தோல்விகள் நிறைய. ஒவ்வொரு தோல்வியும் யாரிடம், எந்த வயதில், கண்பார்வை எந்த அளவு இருந்தபோது என்று பார்த்தால்தான் மனிதர் தெரிவார். நல்லவேளையாக 1990-ல் முதல் அணியிலேயே அவரை எடுத்தார்கள். வில்ஸ் 1992-லும், ஜெனெட் 1997-லும், மெக்வே 1999-லும் வந்தார்கள்.

நாற்பதுகளிலும் இதே கதைதான். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த சார்லி பர்லி, 1936-ல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கை ஏற்காமல், அதற்கு மாற்றாக பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்கில் ஆடப் போனவர். உள்நாட்டுப் போர் வெடித்ததால் அது நடக்கவில்லை. 1944-ல் ஆர்ச்சி மூரைத் திரும்பத் திரும்பக் கீழே விழவைத்து ஜெயித்தார். தான் சந்தித்தவர்களில் சிறந்தவர் பர்லிதான் என்று மூர் பிற்பாடு சொன்னார். மூர் மார்சியானோவோடும் அலியோடும் மோதியவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட பர்லிக்கு உலகப் பட்டத்துக்கான ஒரு சண்டைகூடக் கிடைக்கவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்தில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். 1992-ல் மண்டபத்தில் இடம் கிடைத்தது, அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட ஹோல்மன் வில்லியம்ஸ் 2008-லும், லாயிட் மார்ஷல் 2010-லும், கோகோ கிட் 2012-லும், எட்டி புக்கர் 2017-லும் சேர்ந்தார்கள். அதற்குள் அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஸில்வெஸ்டர் ஸ்டலோன் 2011-ல், எழுத்தாளர்களும் ஒளிபரப்பாளர்களும் வரும் பிரிவில் சேர்ந்தார் என்பதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சினிமா வழியாக இந்த விளையாட்டுக்கு அவர் எத்தனை ரசிகர்களைக் கொண்டுவந்திருந்தாலும், புக்கருக்கு முன்னால் அவருக்கு இடம் தந்திருக்கக்கூடாது.

பெண்களுக்கு இந்த வாசல் திறக்க 2020 அணி வரை ஆயிற்று. கிறிஸ்டி மார்ட்டின், லூசியா ரைக்கர், 1940-களின் கடைசியில் திருவிழாக் கூடாரங்களில் ஆண்களோடு மோதிய இங்கிலாந்தின் பார்பரா பட்ரிக் ஆகியோர் அப்போதுதான் வந்தார்கள். 2024-ல் சேர்ந்த ஜேன் கவுச், 1998-ல் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மீது பாலினப் பாகுபாட்டு வழக்குப் போட்டு ஜெயித்து, அந்த நாட்டில் பெண்களுக்கு உரிமம் வாங்கித் தந்தவர். அந்த ஒரு தீர்ப்பு பல பட்டங்களுக்குச் சமம்.

நடத்தை பற்றிய கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 1990-ன் முதல் அணியில் அர்ஜென்டினாவின் கார்லோஸ் மோன்சோன் இருந்தார். பட்டத்தை யாரிடமும் இழக்காமல், கையில் வைத்துக்கொண்டே விலகிய மிடில்வெயிட் சாம்பியன். தன் துணைவி அலிசியா முனிஸைக் கொன்றதற்காக 11 ஆண்டுத் தண்டனை பெற்று, தேர்வானபோது சிறையில் இருந்தார். மண்டபம் வளையத்துக்குள் நடந்ததை மட்டுமே பார்க்கும் என்றால் அவர் இருக்க வேண்டியவர்தான். ஆனால் அவருடைய தகட்டைப் பார்த்து நிற்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு அலிசியாவின் பெயரும் தெரிய வேண்டும். சாதனையை எழுதும் சுவரில் அதையும் எழுதுவதால் வரலாறு ஒன்றும் குறைந்துபோகாது.

ஊக்கமருந்து அப்படிப்பட்டதில்லை. அது வளையத்துக்குள்ளேயே நடக்கும் குற்றம். ஷேன் மோஸ்லி 2003-ல் டி லா ஹோயாவோடு மோதுவதற்கு முன்பு இ.பி.ஓ. என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்தை எடுத்துக்கொண்டதை விசாரணையில் ஒப்புக்கொண்டவர். என்னவென்று தெரியாமல் எடுத்தேன் என்றார். அந்தச் சண்டையில் ஜெயித்தார், பிறகு மண்டபத்திலும் சேர்ந்தார். ஓட்டப் பந்தயத்தில் மருந்து எடுத்தவன் எதிராளியின் பதக்கத்தைத் திருடுகிறான். குத்துச்சண்டையில் எதிராளியின் மூளையில் அடிக்கிறான். மோன்சோனைவிட மோஸ்லியைப் பற்றித்தான், வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் அதிகம் யோசிக்க வேண்டும்.

தொழில்முறையில் இறங்காத அமெச்சூர் மேதைகளும் வெளியே நிற்கிறார்கள். ஹங்கேரியின் லாஸ்லோ பாப் 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்று, 31 வயதில் தொழில்முறைக்கு வந்தார். 29 சண்டைகளில் தோல்வியே இல்லை. உலகப் பட்டத்துக்கு ஆடவிருந்த நேரத்தில் ஹங்கேரி அரசு நிறுத்திவிட்டது. 2001-ல் அவருக்கு இடம் கிடைத்தது. அவரைப் போலவே மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன், எத்தனை லட்சம் டாலர் காட்டியும் தொழில்முறைக்குப் போக மறுத்தவர். மண்டபத்துக்கு அவர் கணக்கில் வரவில்லை. ஆறு முறை உலகத் தங்கம் வென்ற மேரி கோமும் தொழில்முறை வளையத்தில் ஏறாதவர்தான்.

காத்திருக்கும் காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்ததும் நல்ல முடிவாகப் படவில்லை. பாக்கியாவோ 2025 ஜூனில் மண்டபத்தில் சேர்ந்தார். ஜூலையில், 46 வயதில், மாரியோ பாரியோஸின் பட்டத்துக்காக மோதிச் சமன் செய்தார். ஐந்து ஆண்டு விதி இருந்த காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. சுகர் ரே லெனார்டு 1997-ல் தேர்வான கையோடு ஹெக்டர் கமாச்சோவிடம் ஐந்தாவது ரவுண்டில் வீழ்ந்தார். ஆனாலும் ஒருவரின் கணக்கை முடிப்பதற்கு அவர் சண்டையை முடித்துவிட்டாரா என்று தெரிய வேண்டாமா?

75 சதவீத வரம்பு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வைப்பார்களா என்பது சந்தேகம். ஜூன் மாத விழா கனஸ்டோட்டாவின் ஊர்த் திருவிழா. ஊர்வலம் போகிறது, பழைய சாம்பியன்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், ரசிகர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். உயிரோடு இருக்கும், கூட்டம் சேர்க்கும் ஒரு பெயராவது இல்லாமல் அந்த விழா நடக்காது. குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். நவீன காலப் பிரிவில் வரம்பைத் தாண்டாத இடங்களைக் காலியாக விடாமல், அந்த ஆண்டு பழைய காலப் பிரிவுக்கு மாற்றிவிடலாம். அந்த வாக்குச்சீட்டைச் சியோலிலும் டோக்கியோவிலும் பாங்காக்கிலும் மணிலாவிலும் இருக்கும் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் கையிலும் இன்னும் அதிகமாகக் கொடுக்கலாம். 49 கிலோ, 51 கிலோ வீரர்களின் சண்டைகளை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.